இறுக்கமும் உறுதியும்

தமிழில் 'இறுக்கம்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு கவிதையைப் பாராட்ட வேண்டுமென்றால் 'இறுக்கமான மொழி' என்கிறோம். ஒரு சிறுகதையைக் குறை சொல்ல வேண்டுமென்றால் 'கட்டு தளர்ந்துவிட்டது' என்கிறோம். தளர்ச்சி குறை, இறுக்கம் நிறை என்பது நம் விமர்சனத்தில் எழுதப்படாத விதியாகிவிட்டது. இலக்கியத்தில் இந்த விதியால் பெரிய தீங்கு நேர்ந்துவிடாது. மூச்சு முட்டும் சில கவிதைகள் பிறக்கும், அவ்வளவுதான். இதே விதியைக் கார்ச் சக்கரத்தின் மரையாணியில் செலுத்தும்போதுதான் ஆபத்து. அங்கே இறுக்கம் வேறு, உறுதி வேறு. குறைவாக இறுக்கிய ஆணியைப் போலவே அளவுக்கு மேல் இறுக்கிய ஆணியும் நம்மைக் கைவிடக்கூடியது. ஆனால் சக்கரம் கழற்றி மாட்டும் இடங்களில் நாம் சொல்வதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "நல்லா டைட் பண்ணுப்பா." அந்த வாக்கியத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

இலக்கியம் பேசும் இடத்தில் சக்கர ஆணிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோடிகள் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. வினைத்திட்பம் பேசவந்த வள்ளுவர், உருவத்தில் சிறியவரை இகழாதே என்று சொல்வதற்குப் பெருந்தேரின் அச்சாணியைத்தான் எடுத்துக்கொண்டார். வலியறிதலைப் பேசும்போது, ஏற்றுவது மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு உப்பு வணிகரின் வண்டியிடம் போகிறார். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ என்று அவர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்வதன் மூதாதை அது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த ஒருவருக்கே அந்த உவமை கிடைக்கும். நாம் வகுப்பில் உவமையை மட்டும் விளக்குகிறோம். குனிந்து பார்ப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டோம்.

*

சக்கரத்தை எது பிடித்து நிறுத்துகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

காரின் ஒவ்வொரு சக்கரமும் நான்கு அல்லது ஐந்து மரையாணிகளால் ஹப்போடு பிணைக்கப்படுகிறது. மாருதி, ஹோண்டா, டொயோட்டா கார்களில் ஹப்பிலிருந்து ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும்; அவற்றின்மேல் நட்டைத் திருகுகிறோம். ஃபோல்க்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் போல்ட்டே நேராக ஹப்புக்குள் போகிறது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றே என்பதால் மரையாணி என்ற ஒரே சொல்லை ஆள்கிறேன். (திருகின் புரியை மரை என்கிறோம். சங்கப் பாடல்களில் மேயும் மரை வேறு; அது விலங்கு.)

வண்டியின் பாரத்தை இந்த ஆணிகள் கொக்கிபோலத் தாங்கிக்கொண்டிருப்பதாகப் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. ஆணியைத் திருகும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட ஆணி பழைய நிலைக்குச் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சிதான் ரிம்மை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அப்படி அழுத்தப்பட்ட இரு முகங்களுக்கிடையே உண்டாகும் உராய்வே சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. ஆகவே மரையாணி என்பது பார்வைக்கு ஆணி, செயலில் ஸ்பிரிங். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்தமான, உலர்ந்த ஆணி ஒன்றை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருகினால் அது ஏறத்தாழ 4 டன் எடைக்குச் சமமான விசையோடு ரிம்மை அழுத்துகிறது. நான்கு ஆணிகளும் சேர்ந்தால் 16 டன். ஒரு டன் எடையுள்ள சிறிய கார் பள்ளம் மேடுகளில் துள்ளிக் குதித்தாலும் சக்கரம் அசையாமலிருப்பது இந்த அழுத்தத்தினால்தான்.

இறுக்கம் போதாதபோது என்ன ஆகும்? இரு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழையளவு நழுவத் தொடங்கும். ஆணி இப்போது உண்மையிலேயே பாரத்தைத் தாங்க நேர்கிறது. அதற்காக அது செய்யப்படவில்லை. சுழற்சிக்குச் சுழற்சி வளைந்து நிமிர்ந்து களைத்துப்போய் ஒருநாள் முறியும். அல்லது தானாகவே கழலும். பக்கவாட்டில் ஏற்படும் அதிர்வு எப்படி மரையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கழற்றிவிடுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை வாயிலாகக் காட்டினார். இறுக்கம் குறைந்த ஆணிக்கு ஓட்டமே பகை.

இதைப் பெரும்பாலோர் ஊகித்துவிடுவார்கள். ஊகிக்க முடியாதது மறுபக்கம். அளவுக்கு மேல் இறுக்கும்போது ஸ்பிரிங் தன் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. நீண்டது மீளாது. மரை சிதைகிறது. அலாய் ரிம்மாக இருந்தால் ஆணி அமரும் குழி நசுங்குகிறது. ஆணிக்கு ஆணி இறுக்கம் மாறும்போது ஹப்போடு சேர்ந்திருக்கும் பிரேக் டிஸ்க் இம்மியளவு கோணுகிறது. சுற்றுக்கொரு முறை பிரேக் கட்டையில் உரசி ஒரு பக்கமாகத் தேய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, பிரேக்கை மிதித்தால் பெடல் அதிர்கிறது. அன்று நாம் பிரேக்கைக் குறை சொல்கிறோம். சில மாதங்களுக்கு முன்பு சக்கரத்தை இறுக்கிய கையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

*

எது சரியான அளவு? அது ரகசியமல்ல. காரோடு வந்த கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. டொயோட்டா கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா சிட்டிக்கு 108, ஃபோல்க்ஸ்வாகன் போலோவுக்கு 120. வண்டிக்கு வண்டி, மாடலுக்கு மாடல் எண் மாறக்கூடும். அவரவர் கையேட்டைப் பார்ப்பதே முறை.

நியூட்டன் மீட்டர் என்றதும் பள்ளிக்கூட நினைவில் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியைக் கிடையாக ஆணியில் பொருத்தி அதன் நுனியில் பத்தரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால், அதுவே 103 நியூட்டன் மீட்டர். காரோடு வரும் வீல் ஸ்பேனரின் பிடி 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனியை 35 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன்மேல் ஏறி நின்றால்? சரியாக இருமடங்கு. நம் ஊர்ச் சாலையோரங்களில் ஸ்பேனர்மேல் ஏறி நின்று ஓர் உதை உதைப்பவர்களை நாம் அக்கறையுள்ள தொழிலாளிகள் என்று எண்ணுகிறோம். கடைகளில் காற்றழுத்தத்தில் இயங்கும் கன் இன்னும் ஒரு படி மேல். பல நூறு நியூட்டன் மீட்டர் வரை அது எளிதாகப் போகும். விசையிலிருந்து விரலை எடுக்கும் கணம்தான் அங்கே அளவு.

இங்கே ஒரு சொல் பிரச்சினையும் உண்டு. தமிழ் படித்தவன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. இந்த அளவைத் தமிழில் முறுக்கு விசை என்றும் திருப்பு விசை என்றும் எழுதுகிறோம். ஆனால் இது விசை அல்ல. விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. குட்டையான பிடியில் பலசாலி தரும் திருப்பத்தை நீளமான பிடியில் ஒரு சிறுவன் தந்துவிடுவான். பெயரிலேயே விசை ஏறி உட்கார்ந்திருப்பதால் பலம் மட்டும் கண்ணில் படுகிறது, தூரம் மறைந்துபோகிறது. பலம் என்றால் அதிகம் இருப்பது நல்லது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. பட்டறையில் 'டார்க்' என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அந்தச் சொல் பொருள் எதையும் சொல்வதில்லை. ஆதலால் தவறான பொருளையும் சொல்வதில்லை. கலைச்சொல் ஆக்குபவர்கள் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

*

நான் அறிந்த ஒரு நிகழ்ச்சி. என்னுடன் பணியாற்றும் பேராசிரியை ஒருவர் தம் தாயாருடன் இரவில் காரில் வந்துகொண்டிருந்தார். விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் அவர். ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தவர். ஆனால் நான்கு நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்து, கன்னால் இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். லாரிகள் காற்றடித்துக் கடக்கும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் முக்கால் மணி நேரம் இருவரும் நின்றிருக்கிறார்கள். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பினார். மூன்று நட்டுகள் கழன்றன. நான்காவது, ஸ்டட்டோடு முறிந்து கையில் வந்தது.

அந்தக் கடைக்காரர் அலட்சியமானவர் அல்லர். மாறாக, சக்கரம் கழன்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் இறுக்கினார். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே தீங்கு செய்தது அக்கறையின்மை அன்று, அளவில்லாத அக்கறை. அமிர்தத்துக்கே அளவு சொன்ன சமூகம் நாம். மரையாணிக்கு மட்டும் ஏனோ சொல்லவில்லை.

*

இதைப் பேசும்போதெல்லாம் இரண்டு மறுப்புகள் வருகின்றன. இரண்டையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதல் மறுப்பு, கைப்பக்குவம். "நாற்பது வருடத் தொழில் சார், கைக்கே தெரியும்." இலக்கியவாதிகளான நமக்கு இந்த வாக்கியம் தேனாக இனிக்கும். கருவிக்கு எதிராகக் கையையும், எண்ணுக்கு எதிராக அனுபவத்தையும் நிறுத்திப் பேசுவது நம் வழக்கம். பாட்டியின் உப்பு, குயவரின் சக்கரம், வீணையின் முறுக்காணி என்று எடுத்துக்காட்டுகள் அடுக்கிவிடுவோம். ஆனால் வீணைக் கலைஞர் முறுக்காணியைத் திருப்பும்போது தந்தியின் இழுவிசை உடனுக்குடன் சுருதியாகக் காதில் விழுகிறது. உப்பு நாக்குக்குத் தெரிகிறது. களிமண் விரலோடு பேசுகிறது. கைப்பக்குவம் என்பது வெறும் கையின் திறமை அன்று. பொருள் திருப்பிச் சொல்லும் பதிலைக் கேட்டுக் கேட்டு வளர்வது அது.

மரையாணி அந்தப் பதிலைச் சொல்வதில்லை. நாம் கொடுக்கும் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி, ஆணியின் தலைக்குக் கீழே உள்ள உராய்விலேயே செலவாகிறது. இன்னும் நாற்பது விழுக்காடு மரைகளின் உராய்வில் போகிறது. எஞ்சிய பத்து விழுக்காடுதான் ஆணியை நீட்டுகிறது. கை உணர்வது மொத்தத்தையும். சக்கரத்தைக் காப்பது அந்தப் பத்து மட்டுமே. துருப்பிடித்த மரையில் கை 'போதும், கெட்டியாகிவிட்டது' என்கிறது. உள்ளே ஆணி நீளவே இல்லை. எண்ணெய் பட்ட மரையிலோ அதே திருப்பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக்கூட நீண்டுவிடலாம். கைக்கு வித்தியாசம் தெரியாது. காலையில் முதல் சக்கரத்தை இறுக்கும் கையும் மாலையில் நாற்பதாவது சக்கரத்தை இறுக்கும் கையும் ஒன்றல்ல என்பது தனி.

அப்படியானால் கருவியும் மொத்தத்தைத்தானே அளக்கிறது என்று நுட்பமாகக் கேட்பவர் உண்டு. உண்மை. டார்க் ரெஞ்ச் அளப்பதும் திருப்பத்தைத்தான், நீட்சியை அல்ல. ஆனால் கையேட்டின் எண்ணைக் குறித்தவர்கள் உராய்வையும் கணக்கில் வைத்தே குறித்திருக்கிறார்கள். மரை சுத்தமாகவும் அவர்கள் சொன்ன நிலையிலும் இருந்தால் எண் பொய்க்காது. எனவே கம்பி பிரஷால் துருவைத் துடைப்பதும் அளவின் ஒரு பகுதியே. எண்ணை மட்டும் வணங்கிவிட்டுத் துருவை விட்டுவைப்பவருக்கு டார்க் ரெஞ்சும் உதவாது.

வெறும் அனுபவமும் வேகமும் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு உலகம் பார்த்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு மெல்பர்னில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹாஸ் அணியின் கார்கள் நான்காவது, ஐந்தாவது இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. டயர் மாற்றிய சிறிது நேரத்தில் மேக்னுசன், குரோஜான் இருவரின் கார்களும் அடுத்தடுத்து நின்றன. இரண்டிலும் சக்கர நட்டு மரையில் கோணலாக ஏறியிருந்தது. அந்தக் கார்களில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான்; அதை இறுக்குவதே வாழ்க்கையாகப் பயின்றவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். கோணலாக ஏறிய நட்டும் கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். இறுக்கம் தெரிந்தது, உறுதி இல்லை. நம் கடைகளில் கன்னை வைத்தே முதல் சுற்றைத் தொடங்குவதும் இதே ஆபத்துதான். முதல் சில சுற்றுகளை விரலால் ஏற்றுங்கள் என்று சொல்வது இதற்காகவே. கையின் உண்மையான இடம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு: "இத்தனை வருடமாக எந்தச் சக்கரமும் கழன்று ஓடவில்லையே?" கழலவில்லைதான். வடிவமைத்தவர்கள் நம் பிழைகளுக்கும் சேர்த்தே இடம் விட்டு வடிவமைத்திருக்கிறார்கள். விபத்து நேராததெல்லாம் சரியாகச் செய்ததற்குச் சான்று ஆகாது. முறிந்த ஸ்டட்டும், அதிரும் பெடலும், இரவுச் சாலையில் அசையாத நட்டும் அவருடைய கணக்கில் எழுதப்படுவதே இல்லை. வேறொரு கடையில், வேறொரு நாளில் அவை தலைகாட்டுகின்றன.

*

டார்க் ரெஞ்சை முதலில் உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் கான்ராட் பார், நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றியவர். காலம் 1918. குழாய்களின் இணைப்புகளில் போல்ட்டுகளை ஊழியர்கள் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதைத் தடுக்கவே அவர் அதைச் செய்தாராம். அதாவது அது இன்னும் இறுக்குவதற்கு வந்த கருவி அன்று. நிறுத்துவதற்கு வந்த கருவி. குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்றொரு சத்தம். வீணைத் தந்தி தானாகவே சொல்வதை, ஊமையான மரையாணிக்காக இந்தக் கருவி சொல்கிறது. கைப்பக்குவத்துக்கு அது எதிரி என்று நான் எண்ணவில்லை. கைக்குக் கேட்காமலிருந்த பதிலைக் கேட்கவைக்கிறது, அவ்வளவுதான்.

முறை மிக எளியது. ஹப்பின் முகத்தையும் ரிம்மின் முகத்தையும் துருவும் மண்ணுமில்லாமல் துடைக்க வேண்டும். கையேடு சொன்னாலொழிய மரையில் எண்ணெயோ கிரீஸோ கூடாது. ரிம் மாற்றியிருந்தால் அதன் குழிக்குப் பொருந்தும் ஆணிதானா என்று பார்க்க வேண்டும். கூம்பு வடிவக் குழியில் உருண்டை முக ஆணி அமராது. விரலால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இலேசாக இறுக்க வேண்டும். ஐந்து ஆணி என்றால் நட்சத்திரம் வரையும் வரிசை. ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் பதிந்தபின் அதே வரிசையில் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம். சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு முறை இழுக்கக் கூடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அந்த ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். சாதாரணமான ஒன்று ஒரு கார் டயரின் விலைக்குள் கிடைத்துவிடுகிறது.

ஆனால் இதை டயர் கடைப் பையன்களுக்கான உபதேசமாக முடித்துவிட நான் விரும்பவில்லை. அவர்களுக்கு யாரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை, அந்தக் கருவியை வாங்கித் தரவில்லை. நாளொன்றுக்கு எத்தனை வண்டி என்பதே அவர்கள்மேல் வைக்கப்பட்டிருக்கும் ஒரே அளவு. கையேடு நம் டேஷ்போர்டில் பிரிக்கப்படாத உறைக்குள் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். எழுத்தே தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் அதைத் திறக்காமல், எண் எதையும் சொல்லாமல், "நல்லா டைட் பண்ணுப்பா" என்று உணர்ச்சியை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். அவரும் அந்த உணர்ச்சிக்கு மரியாதை செய்து ஸ்பேனர்மேல் ஏறி நிற்கிறார். பாதிப் பிழை நம் வாக்கியத்தில் இருக்கிறது.

வாக்கியத்தை மாற்றுவது நம் தொழில்தானே. அடுத்த முறை சக்கரம் கழற்றும் இடத்தில், கையேட்டில் பார்த்த எண்ணைச் சொல்லி, "இத்தனைதான் வைக்கணும், டார்க் ரெஞ்ச் இருக்கா தம்பி?" என்று கேளுங்கள். இல்லை என்பார். அடுத்தவரும் கேட்டால் யோசிப்பார். பத்துப் பேர் கேட்டால் வாங்கிவிடுவார்.